முள்ளற்ற யுக்கா: இயல்பும் நடுகையும்

யுக்கா என்னும் பெயரைக் கேட்டதும் சிலர் இதனை மரவள்ளியெனக் கருதுவர். ஸ்பானிய மொழியில் மரவள்ளிக்கு யூக்கா என்னும் பெயர் வழங்குவதே இம்மயக்கத்திற்குக் காரணமாகும். மரவள்ளி ஆமணக்குக் குடும்பத்தைச் சேர்ந்தது; யுக்காவோ சாத்தாவாரிக் குடும்பத்தைச் சேர்ந்தது. யுக்காவில் உண்ணத்தக்க கிழங்கு கிடையாது.

இயல்பு: மெக்சிக்கோவும் மத்திய அமெரிக்காவும் இதன் தாயகமாகும். ஏறக்குறைய 30 அடி வரை வளரும். முதிர்ந்த மரத்தின் அடி, யானையின் பாதம்போலப் பருத்திருக்கும். வாள் போன்ற இலைகளின் நுனியில் கூரிய முள் இல்லாமையால், இது வீட்டு முற்றத்திற்கு ஏற்றது. எல் சல்வடோர் நாட்டினர் இதன் வெண்ணிறப் பூக்களைச் சமைத்து உண்பர். 1995ஆம் ஆண்டில் இது அந்நாட்டின் தேசிய மலராக அறிவிக்கப்பட்டது.

இனப்பெருக்கம்: யுக்காப் பூக்களில் மகரந்தஞ் சேர்க்கும் அந்துப்பூச்சி அமெரிக்கக் கண்டத்திற்கே உரியது. அஃது இல்லாத நாடுகளில் இத்தாவரம் அரிதாகவே காய்க்கும். ஆகவே தண்டுத் துண்டுகளையே நடுதல் வேண்டும்.

நடுகை: முதிர்ந்த தண்டை 1 முதல் 2 அடி நீளமான துண்டுகளாக வெட்டி, வெட்டுவாய் உலரும்வரை சில நாட்கள் நிழலில் வைத்தல் அவசியம். உலர்த்தாது நட்ட துண்டு எளிதில் அழுகிவிடும். பின்னர் தலைகீழாகாதவாறு, மணல் கலந்த மண்ணில் 4 அங்குல ஆழத்தில் ஊன்ற வேண்டும்.

பராமரிப்பு: யுக்கா வரட்சியைத் தாங்கும், தேங்கிய நீரைத் தாங்காது. மழை மிகுந்த பகுதிகளில் உயர்த்திய பாத்திகளில் நடுதல் நன்று. மேல்மண் உலர்ந்த பின்னரே நீர் விடவேண்டும். இலைகள் வாடுவதைக் கண்டவுடன் மேலும் நீரூற்றுதல் தவறு. முதலில் வேரைச் சோதித்துப் பார்க்க வேண்டும். வேர் கறுத்து மென்மையாகியிருப்பின், பழுதில்லாத தண்டுப் பகுதியை வெட்டி உலர்த்தி மீண்டும் நட்டுச் செடியைக் காப்பாற்றிக்கொள்ளலாம்.