கயிறா, கம்பியா?

ஹேவாஹெட்ட பக்கத்தில் கடல் இல்லை, மலையும் தேயிலையும்தான். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்ட லூல்கந்துர தோட்டம் இருக்கும் பகுதி இது. இங்குள்ள பெண்களிடம் பாய்க்கப்பலின் கயிற்றைப் பற்றிப் பேசினால், "அதற்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்கக்கூடும்.

சம்பந்தம் உண்டு. மலைநாட்டு முஸ்லிம்களின் முன்னோர் பலர் கடல்வழி வந்து கரையில் இறங்கியவர்கள். கண்டி இராச்சிய காலத்தில் உப்பையும் கருவாட்டையும் மாடுகளில் பொதியேற்றி, தவளம் நடத்தி மலையேறியவர்கள். 'மரிக்கார்' என்ற பெயரை மரக்கலத்தோடு தொடர்புபடுத்திச் சொல்வோரும் உண்டு. அந்த மரக்கலங்களைத் தாங்கியது கயிறு. அந்தக் கயிற்றைத் திரித்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

1344இல் இலங்கைக்கு வந்து பாவா ஆதம் மலையேறிய இப்னு பதூதா, அதற்கு முன் மாலைதீவில் தங்கியிருந்தார். தேங்காய் மட்டையைக் கரையோரக் குழிகளில் ஊறவைத்து, தடியால் அடித்துத் தும்பெடுத்து, பெண்கள் கயிறு திரிப்பதை அவர் எழுதி வைத்திருக்கிறார். அந்தக் கயிறு இந்தியாவுக்கும் யெமனுக்கும் சீனாவுக்கும் போனது. இரும்பாணி அடித்த கப்பல் பாறையில் மோதினால் உடைந்துவிடும். கயிற்றால் தைத்த கப்பல் சற்று நெகிழ்ந்து கொடுக்கும் என்று காரணமும் சொல்கிறார்.

இது வெறும் பழங்கதையல்ல. 1980இல் ஓமானின் சூர் துறைமுகத்தில் 'சோஹார்' என்ற கப்பல் தும்புக் கயிற்றால் தைத்துக் கட்டப்பட்டது. டிம் செவரின் என்பவர் அதில் இலங்கை வழியாகச் சீனா வரை போய் 1981இல் சேர்ந்தார். 'ஜுவல் ஒஃப் மஸ்கட்' என்ற 18 மீற்றர் நீளமான கப்பலும் அதே முறையில் தைக்கப்பட்டு, 2010இல் மஸ்கட்டிலிருந்து சிங்கப்பூர் சென்றது. வழியில் காலித் துறைமுகத்தில் அதன் பாய்மரங்கள் மாற்றப்பட்டன.

இப்படியான ஒரு பழைய பாய்க்கப்பலை இன்று செப்பனிடுவோர் முன் ஒரு கேள்வி எழுகிறது. நைந்துபோன தும்புக் கயிறுகளுக்குப் பதிலாக எதைப் போடுவது? இரும்புக் கம்பி வடமா, செயற்கை நார்க் கயிறா? மரம் முறிந்தால் கப்பலில் இருப்பவர்களின் உயிருக்கே ஆபத்து என்பதால் இது சாதாரணக் கேள்வியல்ல.

கம்பி வடம் பலமானது, மெலிதாக இருந்தும் நீளாது, உராய்வைத் தாங்கும். ஆனால் உப்புக் காற்றில் துருப்பிடிக்கும். நாகம் பூசிய கம்பியில் துரு கண்ணுக்குத் தெரியும், முன்கூட்டியே எச்சரிக்கும். துருப்பிடிக்காத உருக்கோ, பொருத்துகளின் உள்ளே வெடித்து, ஒன்றும் காட்டாமல் ஒருநாள் அறுந்துவிடக்கூடும். இன்னொரு சங்கடமும் உண்டு. அரபுப் பாய்க்கப்பல்களில் பாய் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் மாறும்போது, மரத்தைத் தாங்கும் கயிறுகளையும் அவிழ்த்துக் காற்று வரும் பக்கம் கட்ட வேண்டும். விறைத்த கம்பியால் அது இலேசில் நடக்காது. அத்தோடு, கம்பி விட்டுக்கொடுக்காததால் காற்றின் வேகமெல்லாம் உடலில் போட்ட தையலில் போய் இறங்கும்.

செயற்கைக் கயிற்றிலும் எல்லாம் ஒன்றல்ல. நைலோன் நன்றாக நீளும், அதிர்ச்சியை உள்வாங்கும். ஆகவே நங்கூரத்துக்கு நல்லது. மரத்தை நிறுத்த ஆகாது. நனைந்தால் அதன் பலம் கொஞ்சம் குறையும். பொலியெஸ்டர் குறைவாகவே நீளும். நனைந்தாலும் பலம் குறையாது. வெயிலையும் ஓரளவு தாங்கும். பொலிப்ரொப்பிலீன் மலிவு, தண்ணீரில் மிதக்கும், ஆனால் வெயிலில் சீக்கிரம் உதிரும். 1990இல் விற்பனைக்காகத் தயாரிக்கத் தொடங்கிய டைனீமா, எடைக்கு எடை இரும்பைவிடப் பல மடங்கு பலமானது. ஆயினும் வழுக்கும்; முடிச்சு நிற்காது. இடைவிடாத பாரத்தில் மெல்ல மெல்ல நீண்டுகொண்டும் போகும்.

எனவே மரத்தைத் தாங்கவும் பாயை ஏற்றும் ஆஞ்சானுக்கும் மூன்று புரிகொண்ட பொலியெஸ்டர் கயிறு பொருத்தமானது. பலம் அதிகம் என்று மிக மெல்லியதை வாங்கினால் இழுப்பவர் கையை அறுக்கும். தையலுக்கு மட்டும் தும்பே உரியது. அந்தக் கப்பலின் இயல்பு அதில்தான் இருக்கிறது.

செயற்கைக் கயிறு வந்ததால் தும்பு திரித்த பெண்களின் வருமானம் என்னாகும் என்ற கேள்வியும் எழும். தும்பு இன்றும் பாயாக, தூரிகையாக, மலைச்சரிவில் மண் கரையாமல் காக்கும் வலையாக விற்பனையாகிறது. வலை சில வருடங்களில் மண்ணோடு மண்ணாகிவிடுவது அதன் குறையல்ல, குணம்.

சகோதரிகளே, கப்பலுக்குச் சொன்ன இந்தக் கணக்கு வீட்டுக்கும் பொருந்தும். உடுப்புக் காயப்போடும் கொடிக்கு உலோகக் கம்பி வேண்டாம். மின்சார வயர் அறுந்து விழுந்தாலோ, கூரையில் மின் ஒழுக்கு இருந்தாலோ, ஈரத் துணியோடு கம்பியைத் தொடுபவர் உயிர் தப்புவது கடினம். கயிற்றுக் கொடி பாதுகாப்பானது. ஆனால் அதையும் மின்கம்பத்தில் கட்டாதீர்கள்.

பிள்ளைத் தொட்டிலுக்குப் புதிய நைலோன் கயிறு கட்டினால் முடிச்சு வழுக்கும். கூடுதலாக ஒரு சுற்றுச் சுற்றி, நுனியை நீளமாக விட்டு இறுக்குங்கள். மிஞ்சும் நுனியைப் பிள்ளையின் கைக்கு எட்டாதபடி மேலே சுற்றிக் கட்டுங்கள். விட்டத்தில் உராயும் இடத்தில் துணி சுற்றுங்கள். கயிற்றைத் தடவும்போது தூள் உதிர்ந்தாலோ, இழைகள் பஞ்சுபோல் எழும்பியிருந்தாலோ, அன்றே மாற்றிவிடுங்கள். அடுப்புக்கு மேலே செயற்கைக் கயிறு வேண்டவே வேண்டாம். சூட்டில் அது உருகிவிடும்.

கடையில் விலையை மட்டும் கேட்டுக் கயிறு வாங்குவது நம் வழக்கம். இனி அதோடு இன்னும் மூன்றைக் கேளுங்கள்: இது நீளுமா? வெயிலைத் தாங்குமா? சூட்டில் என்னாகும்? கடலோடிகள் உயிரை ஒப்படைக்குமுன் பார்ப்பதும் இவற்றைத்தான். நாம் ஒப்படைப்பது நம் பிள்ளைகளை.