பழைய பிக்கப்புக்கு வேறு இன்ஜின்: இறக்குவதற்கு முன்னால் போட வேண்டிய கணக்கு

போன தை அறுவடை முடிந்து 12 மூட்டை சீரகச் சம்பாவை ஏற்றிக்கொண்டு செவிலிமேடு பாலாற்றுப் பாலத்தில் வரும்போது, வண்டி இழுக்க மறுத்துவிட்டது. பின்னால் கரும்புகை. வண்டி 1996-இல் பதிவான மஹிந்திரா ஜீப் வகைப் பிக்கப். உள்ளே இருப்பது பெஜோ டீசல் இன்ஜின், 2112 சிசி. முப்பது வருடத்தை நெருங்குகிற வண்டி என்றாலும் எருவு, புண்ணாக்கு, நெல், காய் என்று திருப்பருத்திக்குன்றத்திலிருந்து காஞ்சிபுரம் ராஜாஜி மார்க்கெட் வரைக்கும் அதுதான் நமக்குக் கால்.

மெக்கானிக் தம்பி பார்த்ததும் சொன்னார்: "மேனேஜர் சார், இதுல இனிமே காசு போடாதீங்க. புதுப்பேட்டைல டிஐ இன்ஜின் ஒண்ணு சொல்லி வெச்சிருக்கேன். இறக்கிட்டு அதைப் போட்டுடலாம். யானை மாதிரி இழுக்கும்."

டிஐ இன்ஜின் என்றால் பிந்தைய மஹிந்திரா பிக்கப்பிலும் பொலேரோவிலும் வந்த 2523 சிசி இன்ஜின். பாகம் எங்கும் கிடைக்கும், வேலை தெரிந்த ஆளும் எங்கும் உண்டு. நம் மாதக் கூட்டத்துக்கு வருகிறவர்களில் நாலைந்து பேராவது இப்படி ஒரு வண்டி வைத்திருக்கிறார்கள், அவர்களுக்கும் இதே யோசனை சொல்லப்பட்டிருக்கிறது. நானும் கன்று விற்ற காசை எடுத்துக் கொடுக்கிற நிலைக்கு வந்துவிட்டேன். முப்பத்து மூன்று வருடம் கடன் மனுக்களைப் படித்த பழக்கம் கையைப் பிடித்து இழுத்தது. மூன்று நாள் டைம் கேட்டுவிட்டு வந்து உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.

முதலில் ஒரு பழங்கதை. இன்ஜின் மாற்றுவது நம் ஊரில் புதிதல்ல. மஹிந்திரா 1947-இல் வில்லிஸ் ஜீப்பை இங்கே பூட்ட ஆரம்பித்தது. அந்த ஜீப்புகள் வெகுகாலம் பெட்ரோலில் ஓடியவை. 1973-இல் எண்ணெய் விலை ஏறிய பிறகு பெட்ரோல் போட்டுக் கட்டுப்படியாகவில்லை. அப்போது ஜீப்பிலும் அம்பாசிடரிலும் பெட்ரோல் இன்ஜினை இறக்கிவிட்டு டீசல் இன்ஜின் ஏற்றுவது ஒரு தொழிலாகவே நடந்தது. மெட்டடார் வேனின் இன்ஜின் இதற்குப் பேர்போனது. வங்கியில் நான் கடன் கொடுத்த டாக்சிகளிலேயே அப்படிப்பட்ட வண்டிகள் இருந்தன. ஆர்டிஓ ஆபீசில் எழுதிக் கொடுத்து, ஒப்புதல் வாங்கி, ஆர்சி புத்தகத்தில் ஏற்றிக்கொள்வார்கள். அவ்வளவுதான்.

"எங்கப்பா காலத்துல எல்லாரும் மாத்தினாங்களே" என்று இன்றைக்கும் சொல்வது அதனால்தான். ஆனால் சட்டம் அங்கேயே நிற்கவில்லை. 1988-ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு முதலில், முன்கூட்டித் தெரிவித்து ஒப்புதல் வாங்கினால் மாற்றலாம் என்றுதான் இருந்தது. 2000-இல் அதைத் திருத்தினார்கள். வண்டியைச் செய்த கம்பெனி முதலில் குறிப்பிட்ட விவரத்துக்கு முரணாக, ஆர்சியில் உள்ள விவரங்கள் மாறும்படி உரிமையாளர் எதையும் மாற்றக் கூடாது என்று ஆக்கிவிட்டார்கள். கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதையே உறுதி செய்தது. அதே வருடம் வந்த திருத்தத்தில் தண்டனையும் எழுதப்பட்டது: அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

ஆர்சியில் இன்ஜின் நம்பர் இருக்கிறது, சிசி இருக்கிறது. 2112 இருந்த இடத்தில் 2523 வந்தால் அது வேறு விவரம். "ரெண்டும் மஹிந்திராதானே" என்று தம்பி கேட்டார். கம்பெனி ஒன்றுதான், ரகம் வேறு. அதே கம்பெனி, அதே ரகம் என்றால் பேச்சு வேறு. பெஜோவுக்குப் பதில் இன்னொரு பெஜோ போடுவதாக இருந்தால், முன்கூட்டி ஆர்டிஓவிடம் விண்ணப்பம் கொடுத்து, இன்ஜின் வாங்கிய பில்லோடு போய், புது நம்பரைப் பென்சில் டிரேஸ் எடுத்துக் காட்டி ஆர்சியில் ஏற்றச் சொல்லிக் கேட்கலாம். அந்தப் பில் முக்கியம். பழைய இன்ஜின் எந்த வண்டியிலிருந்து வந்தது, அந்த வண்டியின் ஆர்சி ரத்தாகிவிட்டதா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். திருட்டு வண்டி இன்ஜின் நம் தலையில் விழுந்தால் உழவு வேலையை விட்டுவிட்டு ஸ்டேஷனுக்கு நடக்க வேண்டியதுதான்.

அபராதம் கூடப் பெரிதில்லை. சரக்கு வண்டிக்கு எட்டு வயது தாண்டினால் வருடா வருடம் எஃப்சி காட்ட வேண்டும். பிரேக் இன்ஸ்பெக்டர் பானெட்டைத் திறந்து நம்பரைப் பார்த்தால் அன்றைக்கே வண்டி நின்றுவிடும். அதைவிடப் பெரிய இடி இன்சூரன்ஸ். வந்தவாசிப் பக்கம் ஒரு நண்பர், நல்ல கடலைச் சாகுபடிக்காரர், டிஐ இன்ஜின் மாற்றி நாலு வருடம் சுகமாக ஓட்டினார். ஒருநாள் மழையில் வண்டி பள்ளத்தில் இறங்கிவிட்டது. சர்வேயர் வந்து இன்ஜின் நம்பரைப் பாலிசியோடு ஒப்பிட்டார். கிளெய்ம் அதோடு முடிந்தது. கம்பெனியைக் குறை சொல்ல முடியாது, அவர் கையெழுத்துப் போட்ட தாளில் வேறு நம்பர்தான் இருந்தது. அவர் வண்டியோடு போயிற்று. வேறொருவர் மீது மோதியிருந்தால்? சில வழக்குகளில் அடிபட்டவருக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பணத்தைக் கட்டிவிட்டு, பாலிசி நிபந்தனை மீறப்பட்டது என்று காட்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளக் கோர்ட் அனுமதிக்கிறது. நம்மிடம் வசூலிக்க என்ன இருக்கிறது? நிலம்தான். ஒரு கைமாற்று இன்ஜினுக்காக ஒன்றரை ஏக்கரைப் பந்தயம் வைக்க எனக்கு மனசு வரவில்லை.

காகிதத்தை விட்டுவிட்டு இரும்பைப் பார்ப்போம். "இன்ஜினை மட்டும் மாத்தறோம்" என்பது சொல்லும்போது மட்டும்தான். பெஜோ வேகமாகச் சுற்றி சக்தி கொடுக்கிற ரகம், 4500 சுற்று வரை போகும். டிஐ இன்ஜின் டிராக்டர் பரம்பரை, கீழ்ச் சுற்றிலேயே இழுக்கும், மேலே போகாது. வண்டியின் பின் ஆக்ஸில் பல் கணக்கு பெஜோவின் வேகத்துக்கு வைத்தது. அதிலே மெதுவாகச் சுற்றும் இன்ஜினை வைத்தால் மேட்டில் நன்றாக ஏறும், சமதளத்தில் கத்திக்கொண்டே போகும், வேகம் வராது. அப்புறம் "கிரவுன் பினியன் மாத்திடலாம் சார்" என்பார்கள். கியர்பாக்ஸ் முகம் பொருந்தாவிட்டால் நடுவில் ஒரு பிளேட் கடைய வேண்டும், அல்லது கியர்பாக்ஸும் சேர்த்து வாங்க வேண்டும். கியர்பாக்ஸ் மாறினால் புரொப்பல்லர் ஷாஃப்டின் நீளம் மாறும். இன்ஜின் மவுன்டிங் வெட்டி வெல்டிங் வைக்க வேண்டும். ரேடியேட்டர், சைலன்சர் பைப், கிளட்ச் எல்லாம் கூடவே வரும். முன் ஆக்ஸில் மேல் எடை மாறும். இவ்வளவும் செய்த பிறகு, கூடுதல் பலத்தோடு ஓடும் வண்டியை நிறுத்த அதே பழைய டிரம் பிரேக்தான் இருக்கும். இதை யாரும் எஸ்டிமேட்டில் எழுதுவதில்லை.

எஸ்டிமேட் வாங்கினேன். இன்ஜின், கியர்பாக்ஸ், பொருத்தும் கூலி எல்லாம் சேர்த்து 1,60,000 ரூபாய். மைலேஜ் 9-லிருந்து 12 ஆகும் என்றார்கள். என் வண்டி வருடத்துக்கு 6,000 கிலோமீட்டர் ஓடுகிறது. 9 கொடுத்தால் 667 லிட்டர், 12 கொடுத்தால் 500. மிச்சம் 167 லிட்டர். லிட்டர் 92 ரூபாய் என்று வைத்தால் வருடத்துக்கு 15,364 ரூபாய். போட்ட பணம் திரும்ப 10 வருடத்துக்கு மேல். வட்டியே இன்னும் சேர்க்கவில்லை! தினம் 100 கிலோமீட்டர் ஓடுகிற வாடகை வண்டிக்காரருக்கு இந்தக் கணக்கு வேறு மாதிரி வரும், அவர் பேச்சைக் கேட்டு நாம் முடிவு எடுக்கக் கூடாது. நம் வண்டி வருடத்தில் பாதி நாள் புளியமரத்தடியில் நிற்கிற வண்டி. அறுவடை நேரத்தில் நின்றுபோகாமல் இருப்பதுதான் நமக்கு லாபம். நின்றாலும் ஒரு குட்டி யானையை வாடகைக்குப் பிடித்தால் அந்த வாரம் ஓடிவிடும்.

சரி, உண்மையில் இன்ஜினுக்கு என்ன கோளாறு? வெட்கத்தோடு சொல்கிறேன், இந்தக் கேள்வியை நான் கடைசியாகத்தான் கேட்டேன். முதலில் கேட்டிருக்க வேண்டும்.

புகையின் நிறமே பாதி சொல்லிவிடும். லோடில் கரும்புகை என்றால் டீசல் அதிகம் அல்லது காற்று குறைவு, ஏர் ஃபில்டரையும் இன்ஜெக்டரையும் பாருங்கள். காலையில் ஸ்டார்ட் செய்ததும் வெண்புகை, இன்ஜின் குலுங்கல் என்றால் ஏதோ ஒரு சிலிண்டரில் டீசல் சரியாக எரியவில்லை. நீலப்புகை வந்தால் ஆயில் எரிகிறது, ரிங் அல்லது வால்வு கைடு தேய்ந்திருக்கும். இன்ஜின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். ஆவி குபுகுபுவென்று அழுத்தமாக வந்தால் ரிங்கைத் தாண்டிக் காற்று கீழே இறங்குகிறது என்று அர்த்தம். ஆயில் மோர் நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் கலக்கிறது.

என் வண்டியில் நீலப்புகை இல்லை, மூடியிலும் அழுத்தம் பெரிதாக இல்லை. காலையில் வெண்புகை, லோடில் கரும்புகை. டீசல் பம்ப் வேலை செய்கிற பட்டறை ஒன்றில் கம்ப்ரஷன் பார்க்கச் சொன்னேன். இந்தச் சோதனைக்கு ஆன செலவு ஒரு மூட்டைப் புண்ணாக்கு விலைகூட இல்லை. 1, 2, 4-ஆம் சிலிண்டர்களில் 350 பிஎஸ்ஐயை ஒட்டி வந்தது. மூன்றாவதில் 230. அந்தச் சிலிண்டரில் கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி பார்த்தார்கள். ரிங் தேய்ந்திருந்தால் ஆயில் இடுக்கை அடைத்து அழுத்தம் ஏறும். ஏறவில்லை. அப்படியானால் கோளாறு கீழே இல்லை, மேலே: வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட்.

ஹெட்டை இறக்கினால் மூன்றாவது சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வு ஓரம் எரிந்திருந்தது. லேத்தில் வால்வு சீட்டிங் செய்து, புது வால்வும் கேஸ்கெட்டும் போட்டு, நாலு இன்ஜெக்டரையும் சரிபார்த்து, பம்பைக் காலிபரேஷன் செய்தோம். ரேடியேட்டரையும் கழற்றி அடைப்பு எடுத்தாயிற்று. மொத்தம் 31,400 ரூபாய். தம்பிக்கு முதலில் முகம் சுருங்கியது, அப்புறம் அவரே தன் மற்ற வாடிக்கையாளர்களையும் கம்ப்ரஷன் பார்க்க அனுப்ப ஆரம்பித்துவிட்டார்.

எல்லோருக்கும் இப்படி மேலோட்டமான கோளாறாக இருக்காது. நாலு சிலிண்டரிலும் அழுத்தம் விழுந்து, ஆயில் பிரஷரும் இல்லையென்றால் முழு இன்ஜின் வேலைதான்: போர், பிஸ்டன், ரிங், கிராங்க் கிரைண்டிங், பேரிங். எனக்குச் சொன்ன எஸ்டிமேட் 85,000. அப்போதும் இன்ஜின் நம்பர் அதேதான், ஆர்சியைத் தொட வேண்டாம். பிளாக்கே வெடித்துவிட்டால்தான் வேறு இன்ஜின் என்ற பேச்சு, அதுவும் அதே ரகம். அதுவும் கிடைக்காவிட்டால் வண்டியை விட்டுவிடுவது நல்லது. பதிவு பெற்ற உடைப்பு மையத்தில் கொடுத்துச் சான்று வாங்கினால், அதைக் காட்டி வாங்கும் புது வண்டியின் சாலை வரியில் சலுகை தர 2021 விதிகளில் இடம் இருக்கிறது. சரக்கு வண்டிக்கு 15 சதவீதம் வரை, சொந்தப் பயன்பாட்டு வண்டிக்கு 25 சதவீதம் வரை.

பேட்டரிக்கு மாற்றலாமா என்று நம் இளைஞர்கள் கேட்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், ஒரு டீசலை இறக்கி இன்னொரு டீசல் போட விடாத அதே 52-ஆம் பிரிவு, அங்கீகரிக்கப்பட்ட கிட் பொருத்தி மின்சாரத்துக்கோ கேஸுக்கோ மாற்ற வழி விட்டிருக்கிறது. ஆனால் கிட் உங்கள் வண்டி மாடலுக்கு அங்கீகாரம் பெற்றதாக இருக்க வேண்டும், ஒரு டன் இழுக்கிற பேட்டரியின் விலையும் எடையும் லோடைத் தின்றுவிடும். 6,000 கிலோமீட்டர் ஓடுகிற எனக்கு அது இப்போது கட்டாது. 1900-இல் பாரிஸ் கண்காட்சியில் டீசல் இன்ஜின் ஒன்றைக் கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டினார்களாம், நம் செக்கு எண்ணெய் விற்கும் விலையில் அந்த ஆசையும் வேண்டாம்.

இந்தச் சித்திரைக் கடைசியில் அதே 12 மூட்டையோடு செவிலிமேடு பாலத்தில் மூன்றாவது கியரில் வந்தேன். மைலேஜ் பத்தரை கொடுக்கிறது. ஆடியில் எஃப்சி, அதற்குள் பின் சக்கரப் பிரேக் லைனிங் மாற்ற வேண்டும். மாட்டுக் கொட்டகைக்கு ஓடு வாங்கவும் பணம் மிச்சம் இருக்கிறது.