ஆழ்கடலில் ரீபிரீதர் பழுதானால்..? ‘பெயில்-அவுட்’ சிலிண்டர் எத்தனை நிமிடம் தாங்கும்?

விடும் மூச்சிலிருந்து கார்பன் டை ஆக்சைடை நீக்கி, ஆக்சிஜன் சேர்த்து, திரும்பச் சுவாசிக்கத் தரும் கருவிதான் ரீபிரீதர். அது பழுதானால் உயிர் காப்பது, டைவர் தனியாக எடுத்துச் செல்லும் ‘பெயில்-அவுட்’ சிலிண்டர்.

எவ்வளவு பெரிசு வேணும்? 40 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் 5 மடங்கு. பதற்றத்தில் நிமிடத்துக்கு 40 லிட்டர் மூச்சு வாங்கினால், அங்கே செலவு 200 லிட்டர். 200 பார் அழுத்தத்தில் நிரப்பிய 11 லிட்டர் சிலிண்டரில் இருப்பது சுமார் 2,200 லிட்டர். அதாவது, அதே ஆழத்தில் 11 நிமிடம்தான்! மேலே வர வர செலவு குறையும். ஆனா, அவசரமா ஏறவும் முடியாது.

உடம்பில் கார்பன் டை ஆக்சைடு கூடினால் மூச்சிரைப்பில் வாய்க்குழாயைக் கழற்றி மாற்றுவதே கஷ்டம். கழற்றாமலே மாற உதவுவது ‘பெயில்-அவுட் வால்வு’. சிலிண்டர் வாங்கும்போது, நிதானமான மூச்சை வைத்துக் கணக்குப் போடாதீங்க!