செடிக்கு எப்போது பசிக்கும்?

குட்டீஸ், நர்சரியில் ஆசை ஆசையாக ஒரு ரோஜாச் செடி வாங்கி வந்து தொட்டியில் நடுகிறீர்கள். மறுநாள் பார்த்தால் இலையெல்லாம் தொங்கிப் போயிருக்கிறது. 'ஐயோ பாவம், பசிக்கிறது போல!' என்று ஒரு கைப்பிடி உரத்தை அள்ளிப் போடத் தோன்றும், இல்லையா?

உங்கள் வயதில் நானும் அப்படித்தான் செய்தேன். ஒரு முழுக் கைப்பிடி யூரியா! சில நாட்களிலேயே இலை ஓரமெல்லாம் கருகி, செடி பட்டுப்போய்விட்டது.

காரணம் என்ன தெரியுமா? அந்தச் செடிக்குப் பசி இல்லை, தாகம்! வேரின் நுனிக்குச் சற்று மேலே மெல்லிய வேர்த்தூவிகள் இருக்கும். மண்ணில் உள்ள தண்ணீரைப் பெரும்பாலும் உறிஞ்சுவது இவைதான். இடம் மாற்றி நடும்போது இவற்றில் நிறைய அறுந்துவிடும். புதிதாக முளைக்கும் வரை செடியால் போதுமான தண்ணீர் குடிக்க முடியாது. அதுவரை தேவை, தண்ணீரும் கொஞ்சம் நிழலும்தான்.

அந்த நேரத்தில் உரம் போட்டால் என்ன ஆகும்? வெள்ளரித் துண்டுகளில் உப்பைத் தூவி, அரை மணி நேரம் வைத்துப் பாருங்கள். தட்டில் தண்ணீர் தேங்கியிருக்கும். வெள்ளரிக்குள் இருந்த நீரை உப்பு வெளியே இழுத்துவிட்டது! 'சவ்வூடு பரவல்' என்று பாடத்தில் படிப்பீர்களே, அதுதான் இது. மண்ணில் உரம் அளவுக்கு மீறிக் கரைந்திருந்தால் வேருக்கும் இதே கதிதான்.

'சாணம் இயற்கை உரம்தானே, அதைப் போடலாமே' என்கிறீர்களா? பச்சைச் சாணம் கூடாது. அது மக்கும்போது சூடு கிளம்பும். அம்மோனியா வாயுவும் வரும். இளம் வேர் தாங்காது. நன்றாக மக்கிய எரு கருப்பாக, உதிரியாக, மண்வாசனையோடு இருக்கும். மோந்து பாருங்கள், சாண நாற்றம் அடித்தால் இன்னும் தயாராகவில்லை. மக்கிய எருவை நடுவதற்கு முன்பே மண்ணில் கலந்துவிட்டால், முதல் சில வாரங்களுக்கு அதுவே போதும்.

அவரை விதை முளைத்து வரும்போது, தடித்த இரண்டு விதையிலைகளில் கட்டுச்சோறும் கொண்டு வருகிறது! அது தீரும் வரை நாம் ஊட்ட வேண்டியதில்லை.

சரி, எப்போதுதான் உரம் போடுவது? செடியே சொல்லும். புதுத் துளிர் விட்டு, இலைகள் விரியத் தொடங்கினால் வேர் பிடித்துவிட்டது என்று அர்த்தம். தக்காளி நாற்றுக்கு, நட்ட 30ஆம் நாள் மேலுரம் இடுவது விவசாயிகளின் வழக்கம். முதல் தடவை, பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவில் பாதி போதும். மண் ஈரமாக இருக்கும்போது, தண்டில் படாமல் சுற்றிலும் தூவி, தண்ணீர் ஊற்றுங்கள்.

ஏற்கெனவே அள்ளிப் போட்டுவிட்டீர்களா? மேலே கிடப்பதை வழித்து எடுத்துவிட்டு, தொட்டியின் அடியில் வழிந்து ஓடும்படி இரண்டு மூன்று முறை நிறையத் தண்ணீர் ஊற்றுங்கள். அடியில் ஓட்டை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். என் தொட்டியில் அது இல்லை!