பண்டிகை இல்லாத வீட்டுக்குப் போகலாமா?

ஐப்பசி பிறந்தால் போதும், தெருவே எண்ணெய் வாசனையில் மிதக்கும். ஒரு வீட்டில் முறுக்கு, அடுத்த வீட்டில் ரவா லாடு, மாடி வீட்டிலிருந்து பாகு பதம் தப்பிவிட்ட புலம்பல்! இத்தனை கலகலப்புக்கும் நடுவில் ஏதாவது ஒரு வீட்டில் மட்டும் வாணலி அடுப்பேறாது. "இந்த வருஷம் அவங்க வீட்டிலே பண்டிகை இல்லே" என்று அக்கம்பக்கத்தார் குரலைத் தாழ்த்திச் சொல்லிக்கொள்வார்கள்.

வீட்டில் ஒருவர் காலமானால் வருஷம் திரும்புகிற வரை பண்டிகை கொண்டாடாமலிருப்பது நம்மில் பல குடும்பங்களில் உள்ள வழக்கம். சில வீடுகளில் எண்ணெய்ச் சட்டியே வைக்க மாட்டார்கள். உறவுக்காரர்களும் அண்டை வீட்டாரும் பட்சணம் கொடுத்தனுப்புவார்கள். இதை நான் தண்டனையாக நினைக்கவில்லை. மனசு நொந்து கிடக்கிறவளைப் பிடித்து, "பட்டுப் புடவை கட்டிக்கொண்டு, சிரித்த முகமாகப் பத்துப் பேருக்கு பட்சணம் செய்" என்று சொல்லாமல் விட்ட கருணை அது. ஆனால், பண்டிகை இல்லை என்பதை நாம் 'அந்த வீட்டுக்கு யாரும் போகக் கூடாது' என்று ஆக்கி விடுகிறோமே, அங்கேதான் கோளாறு.

தீபாவளிக் காலையில் யாரைப் பார்த்தாலும் "கங்கா ஸ்நானம் ஆச்சா?" என்று கேட்டுப் பழகிய நாக்கு நமக்கு. துக்க வீட்டுப் பெண்ணைப் பார்த்தால் என்ன கேட்பது? தெரியவில்லை. அதனால் எதிர்ப்பக்கமாக நடந்து போய்விடுகிறோம். கெட்ட எண்ணம் எதுவுமில்லை, வெறும் சங்கடம்தான். ஆனால் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறவளுக்கு அது எப்படித் தெரியும்?

எனக்குத் தெரிந்த ஒரு பெண். ஆடி மாதம் கணவர் போய்விட்டார். ஐந்து வயதுப் பிள்ளை, வயதான மாமியார். மூன்றே மாதத்தில் தீபாவளி. கைப்பேசியில் வாழ்த்துப் படங்கள் வந்து குவிந்தன; வாசலுக்கு யாரும் வரவில்லை. காலை எட்டு மணிக்குப் பள்ளிக்கூடத்து சிநேகிதி ஒருத்தி மட்டும் வந்து நின்றாள். ஒரு கையில் எவர்சில்வர் டப்பா, இன்னொரு கையில் இஞ்சி தட்டுகிற சின்னக் குழவி.

"என்னடி இது?"

"இது நான் பண்ணின மைசூர்பாகு. இது அதை உடைக்கிறதுக்கு."

பக்கென்று சிரிப்பு வந்துவிட்டது இவளுக்கு. வந்த வேகத்திலேயே வாயைப் பொத்திக்கொண்டு, மாலை போட்ட படத்தைத் திரும்பிப் பார்த்தாள். சிநேகிதி அசரவில்லை. "அவர் இருந்திருந்தா இதைப் பார்த்துட்டு என்ன சொல்லியிருப்பார்?" என்று கேட்டாள்.

பதில் உள்ளேயிருந்து வந்தது, மாமியாரிடமிருந்து! "'சிமெண்ட் விலை ஏறிப்போச்சு, ரெண்டு மூட்டை அனுப்பச் சொல்லு'ன்னிருப்பான்."

மூன்று பேரும் சிரித்தார்கள். பிறகு மூன்று பேரும் அழுதார்கள். மகனைப் பற்றி மாமியார் வாய் திறந்து பேசியது அன்றைக்குத்தானாம்.

"நான் சிரிச்சது தப்பா அக்கா? துக்கத்தை மதிக்காத மாதிரி ஆயிடுச்சா?" என்று இவள் என்னிடம் கேட்டாள். உங்களில் எத்தனையோ பேர் மனசுக்குள் இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு தவிப்பீர்கள் என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

தப்பே இல்லை. 1997-ல் டாக்கர் கெல்ட்னர், ஜார்ஜ் பொனானோ என்ற இரண்டு அமெரிக்க மனோதத்துவ நிபுணர்கள் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். கணவனையோ மனைவியையோ இழந்து சுமார் ஆறு மாதம் ஆனவர்களை, போனவரைப் பற்றிப் பேசச் சொல்லி, அவர்கள் முகத்தைக் கவனித்தார்கள். பேசும்போது கண்ணும் சேர்ந்து மலர, மனசு விட்டுச் சிரித்தவர்களிடம் கோபமும் மன வேதனையும் குறைவாக இருந்தன. மற்றவர்களோடு அவர்கள் உறவும் நன்றாக இருந்தது. சிரித்ததால் துக்கம் குறைந்ததா, குறைந்ததால் சிரிக்க முடிந்ததா என்பது வேறு கேள்வி. ஆனால் சிரித்தவர்கள் அன்பில் குறைந்தவர்கள் என்று சொல்ல ஒரு காரணமும் இல்லை.

சிரிப்பு தனிச் சரக்கு அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். தனியாக இருக்கும்போது சிரிப்பதைவிட நாலு பேரோடு இருக்கும்போது சுமார் முப்பது மடங்கு அதிகமாகச் சிரிக்கிறோம் என்று ராபர்ட் ப்ரொவைன் என்ற ஆராய்ச்சியாளர் கணக்கிட்டார். ஃபின்லாந்தில் துர்க்கு நகரத்தில் செய்து 2017-ல் வெளியான ஆய்வில், நெருங்கிய நண்பர்களோடு அரை மணி நேரம் சிரிப்புக் காட்சிகள் பார்த்தவர்களின் மூளையை ஸ்கேன் எடுத்தார்கள். வலியைத் தணிக்க உடம்பே சுரக்கும் எண்டார்ஃபின் போன்ற பொருள்கள் அதிகமாகியிருந்தன. சின்ன ஆய்வுதான், 12 பேர், அத்தனை பேரும் ஆண்கள். நம்மை உட்கார்த்தி வைத்திருந்தால் சிரிப்புப் படமே தேவைப்பட்டிருக்காது!

ஆகவே, கைப்பேசியில் பத்து ஜோக்கை அனுப்பிவிட்டு 'கடமை முடிந்தது' என்று இருந்துவிடாதீர்கள். நேரில் போங்கள்.

போய் என்ன செய்வது? முதலில், "அழாதே, சிரி பார்ப்போம்" என்று சொல்லவே சொல்லாதீர்கள். அழுகிறவளை அழவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். "விதி, என்ன செய்யறது", "உனக்காவது குழந்தை இருக்கு" இந்த மாதிரி ஆறுதல்களையெல்லாம் செருப்போடு வாசலிலேயே விட்டுவிடுங்கள். "ஏதாவது வேணும்னா சொல்லு" என்பதும் பிரயோஜனமில்லை. யாரும் சொல்ல மாட்டார்கள். "எட்டு மணிக்கு இட்லி கொண்டு வரேன், சட்னி மட்டும் நீ அரைச்சு வை" என்று சொன்னால் அவளுக்கும் எழுந்து நிற்க ஒரு வேலை கிடைக்கும்.

வேடிக்கை பேசலாமா? உங்களையே கேலி செய்துகொள்ளுங்கள். நீங்கள் கருக்கிய அதிரசம், உங்கள் வீட்டுக்காரர் வாங்கி வந்த, தோய்த்ததும் சாயம் போன புடவை இவை போதும். தீபாவளி மலர்களில் வருஷா வருஷம் மைசூர்பாகு ஜோக்கும் தலைதீபாவளி மாப்பிள்ளை ஜோக்கும் சலிக்காமல் வந்தது சும்மாவா? போனவரின் குறும்புகளையும் பேசலாம், ஆனால் அந்தக் கதவை அவர்கள் திறக்கட்டும். அல்லது அந்த சிநேகிதி கேட்ட மாதிரி ஒரு கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருங்கள். பதில் வராவிட்டால் பேச்சை மாற்றிவிட வேண்டும்.

திருவள்ளுவரைப் பாருங்கள். இடுக்கண் அழியாமை என்ற அதிகாரத்தைத் தொடங்கும்போதே துன்பம் வந்தால் சிரி என்கிறார். நட்பு அதிகாரத்திலோ, நட்பு சிரித்துப் பேச மட்டும் இல்லை, தடம் மாறும்போது இடித்துச் சொல்லவும்தான் என்கிறார். துக்கத்தில் சாப்பிடாமல் கிடக்கிறவளை, "எழுந்திருடி, தலை வாரி விடறேன்" என்று அதட்டுகிற உரிமையும் சிநேகிதிக்கு உண்டு.

குழந்தைகள் விஷயம் தனி. ஐந்து வயதுப் பிள்ளைக்கு வருஷக் கணக்கு புரியாது. "அப்பா இல்லேன்னா மத்தாப்பு கொளுத்தக் கூடாதா?" என்று அந்தப் பிள்ளையும் கேட்டானாம். குழந்தை ஒரு நிமிஷம் அழும், அடுத்த நிமிஷம் விளையாடும். அதன் துக்கம் அப்படித்தான் விட்டு விட்டு வரும். "உனக்கு வருத்தமே இல்லையா" என்று கடிந்துகொள்ளாதீர்கள். "அப்பா தூங்கறார்", "ஊருக்குப் போயிருக்கார்" என்றும் சொல்ல வேண்டாம். ஒரு குழந்தை தூங்கவே பயப்படும், இன்னொன்று வாசலையே பார்த்துக் காத்திருக்கும். இந்தப் பிள்ளையைப் பாட்டியிடம் கேட்டுக்கொண்டு சிநேகிதி தன் வீட்டுக்கு அழைத்துப் போய், தன் பிள்ளைகளோடு கம்பி மத்தாப்பு கொளுத்த வைத்தாள். பாட்டி மறுக்கவில்லை. "போயிட்டு வரட்டும், செருப்பைப் போட்டு அனுப்பு" என்றாராம்.

பண்டிகை முடிந்ததும் சிநேகிதிகளின் வேலை முடிந்து விடுவதில்லை. எல்லோரும் ஊர் திரும்பிய பின் வருகிற வெறுமை பெரிது. மறு வாரமும் ஒரு நடை போய்விட்டு வாருங்கள். வாரக்கணக்கில் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, "நானும் போயிருக்கலாம்" என்கிற பேச்சு வருகிறது என்றால், அங்கே ஜோக் உதவாது. கூடவே போய் டாக்டரைப் பார்க்க வையுங்கள். 2022-ல் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவைக்கு 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமில்லாமல் பேசலாம், தமிழிலேயே பேசலாம்.

அந்த மைசூர்பாகு டப்பா பத்து நாள் கழித்துத் திரும்பிப் போனது. வெறும் டப்பாவாகக் கொடுக்கக் கூடாது என்று உள்ளே ஒரு பிடி சர்க்கரை போட்டிருந்தாள். குழவியை மட்டும் கொடுக்கவில்லை. "அடுத்த வருஷமும் நீதானே பண்ணப் போறே, இங்கேயே இருக்கட்டும்" என்று வைத்துக்கொண்டு விட்டாள்.