வாய்ப் புற்றுநோயும் வாயில்லாப் பிராணிகளும்



"நேற்றுவரை நன்றாகத்தான் இருந்தார், திடீரென்று வாயில் புற்று வந்துவிட்டது" என்று பெரியவர்கள் பேசுவதைக் கேட்டிருப்போம். உண்மையில் வாய்ப் புற்றுநோய் திடீரென்று வருவதன்று. அது படிப்படியாக ஏறிவரும் நோய். அந்தப் படிகளை மருத்துவ உலகம் விளங்கிக்கொள்ளப் பெரிதும் துணை நின்றவை எலி இனத்தைச் சேர்ந்த சிறு பிராணிகள். அவ்வரலாற்றைச் சற்றே காண்போம்.

கன்னப்பை காட்டிய உண்மை

சிரியா நாட்டில் 'ஹாம்ஸ்டர்' என்னும் பொன்னிற எலி ஒன்று உண்டு. அதன் இரு கன்னங்களிலும் உட்புறமாகப் பை போன்ற அமைப்பு உள்ளது. கிடைத்த தானியத்தை அதில் அடைத்துக்கொண்டு வளைக்குப் போகும். இப்பையை மெல்ல வெளியே இழுத்துப் பார்க்க முடியும் என்பதால், உள்ளே நிகழும் மாற்றங்களை வாரந்தோறும் கண்ணாலேயே காணலாம். 1954-ஆம் ஆண்டு சாலி என்னும் அமெரிக்க ஆய்வாளர், டி.எம்.பி.ஏ. என்ற இரசாயனப் பொருளைக் கன்னப்பையில் திரும்பத் திரும்பத் தடவிப் புற்றுநோயை உண்டாக்கிக் காட்டினார். பின்னர் வந்தவர்கள் இப்பொருளை எண்ணெயில் கரைத்து, வாரம் மூன்று முறை தூரிகையால் பூசினர். ஏறத்தாழ 14 முதல் 16 வாரங்களில் புற்றுக்கட்டி தோன்றியது.

நான்கு படிகள்

அந்த வாரங்களில் நடப்பது என்ன? முதலில் மேல்தோல் தடிக்கிறது. அடுத்து, செல்கள் தம் வடிவமும் ஒழுங்கும் கெடுகின்றன. மூன்றாவதாக, கெட்ட செல்கள் மேல்தோல் முழுவதும் நிறைகின்றன. ஆயினும் அடித்தளத்தைத் தாண்டுவதில்லை. நான்காவது படியில் அந்த எல்லையை உடைத்துக்கொண்டு உள்ளே பரவுகின்றன. இதுவே முற்றிய புற்று. மனிதர் வாயில் பல ஆண்டுகள் எடுக்கும் பயணத்தை ஹாம்ஸ்டர் சில மாதங்களில் காட்டிவிடுகிறது.

சுண்டெலிகளுக்கு 4-என்.கியூ.ஓ. என்னும் வேறொரு பொருளைக் குடிநீரில் கலந்து 16 வாரங்கள் கொடுப்பர். பிறகு நல்ல நீரே கொடுத்தாலும், சில வாரங்கள் கழித்து நாக்கில் புற்று தோன்றுகிறது. செல்லின் மரபுப் பொருளான டி.என்.ஏ.வில் விழுந்த காயம் எளிதில் மறைவதில்லை என்பதை இது உணர்த்துகிறது.

நம் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் துறையினரும் ஹாம்ஸ்டர் கன்னப்பையில் ஆராய்ந்தவர்களே. வேப்பிலை, தக்காளி, பூண்டு முதலியவை இந்நோயைத் தடுக்குமா என்று அவர்கள் சோதித்துள்ளனர். ஆனால் எலியில் பலித்ததெல்லாம் மனிதருக்கும் பலிக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. எலி வெற்றிலை போடுவதில்லை அல்லவா!

இரக்கமும் கடமையும்

இப்பிராணிகள் படும் துன்பம் நம் மனத்தை உறுத்தத்தான் செய்கிறது. இறைவன் படைப்பில் சிற்றுயிரும் அருமையானதே. 1959-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ரஸ்ஸல், பர்ச் என்ற இருவர் மூன்று நெறிகளை வகுத்தனர்: வேறு வழி இருந்தால் விலங்கைத் தவிர்க்க வேண்டும், எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும், வேதனையைத் தணிக்க வேண்டும். அப்படியும் உயிர்கொடுத்து அவை கற்பித்த பாடத்தை நாம் வீணாக்கலாமா?

வெற்றிலை, பாக்கு, புகையிலை நம் நாட்டில் விருந்தோடு கலந்தவை. புகையிலை சேராத வெறும் பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004-இல் வெளியிட்ட நூலில் அறிவித்தது. பழக்கத்தை எப்போது விட்டாலும் நன்மையே. விரைவில் விட்டால் பெரும் நன்மை.

ஆகவே தோழியரே, வீட்டிலுள்ள தாத்தா, பாட்டியரின் வாயை வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, இரண்டு வாரம் கடந்தும் ஆறாத புண், வாயைத் திறக்க இயலாமை ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும், வலி இல்லையே என்று வாளாவிராமல் உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். நோய் முதற்படியில் நிற்கும்போதே தடுத்து நிறுத்துவோமாக!