ஈறு நோயும் உணவும்

பல் துலக்கும்போது ஈறுகளில் இரத்தம் கசிந்தால், எங்கள் ஊரில் பலர் துலக்குவதையே நிறுத்திவிடுகின்றனர். பல் ஆடினால் "வயதாகிவிட்டது" என்கின்றனர். என் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி கண்டவன் என்ற முறையில், கற்றதைச் சொல்கிறேன்.

பல்லோரம் படியும் நுண்ணுயிர்ப் படலமே இதற்குக் காரணம். அது இறுகிக் காரையானால், பல் மருத்துவர்தான் சுரண்டி நீக்க வேண்டும். உணவு அதற்குத் துணை. ஈறுகளின் கொலாஜன் புரதம் உருவாக வைட்டமின் சி தேவை. 1747இல் கப்பல் மருத்துவர் ஜேம்ஸ் லிண்ட், ஸ்கர்வியால் ஈறு அழுகிய 12 மாலுமிகளுள் இருவருக்கு ஆரஞ்சும் எலுமிச்சையும் கொடுத்தார். விரைந்து தேறியவர்கள் அவ்விருவரே. நமக்கு நெல்லியும் கொய்யாவும் உண்டு.

லிமோசிலாக்டோபேசில்லஸ் ரியூட்டரி போன்ற நன்மை செய்யும் பாக்டீரியாக்களையும் சிகிச்சையுடன் சேர்த்து ஆராய்கின்றனர். தயிர் நல்லதே, அதுவே மருந்தாகிவிடாது. இரத்தம் கசிந்தால் துலக்குவதை விடாதீர்கள், மருத்துவரிடம் செல்லுங்கள்.